அக்கிரகாரத்தில் கழுதை: கொலையும் வழிபாடும்

தன் ஒழுங்குக்குள் அடங்காத உயிரைச் சமுதாயம் முதலில் ஒறுக்கிறது. பின்னர் அதனையே தெய்வமாக்கி வணங்குகிறது. 1977 இல் ஜோன் ஆபிரகாமின் நெறியாள்கையில் உருவான 'அக்கிரகாரத்தில் கழுதை' என்னும் தமிழ்த் திரைப்படம் இப்போக்கினையே பொருளாகக் கொண்டது. அதனை மட்டக்களப்பு மரபொன்றுடன் ஒப்பிட்டு நோக்க ஈண்டு முயல்கின்றோம்.

வெங்கட் சாமிநாதன் எழுதிய இக்கதையில், பேராசிரியர் நாராயணசாமி தாயிழந்த கழுதைக்குட்டி ஒன்றை வளர்க்கிறார். கல்லூரியின் ஏளனத்துக்கு ஆளான அவர், அதனைத் தம் ஊர் அக்கிரகாரத்துக்குக் கொண்டுசென்று, வாய்பேசாப் பணிப்பெண் உமாவிடம் ஒப்படைக்கிறார். ஊரில் நேரும் தீங்குகளெல்லாம் கழுதையின்மேல் ஏற்றப்படுகின்றன. உமாவுக்கு இறந்து பிறந்த குழந்தையின் உடல் கோயிலருகே கிடந்தபோதும் பழி கழுதையையே சார்கிறது. அது கொல்லப்படுகிறது. பின்னர் நிகழ்ந்த நன்மைகள் அதன் அருளெனக் கொள்ளப்பட, கொல்வித்தவர்களே அதற்குக் கோயிலெடுக்க முனைகின்றனர். முடிவில் அக்கிரகாரம் தீக்கு இரையாகிறது.

உன்னிச்சைக் குளம் அமைந்த படுவான்கரையிலும், வாவியின் மறுபுறமான எழுவான்கரையிலும் கண்ணகி வழிபாடு வேரூன்றியுள்ளது. வைகாசிச் சடங்கிலே கண்ணகி வழக்குரை பாடப்பெற்றுக் குளிர்த்தியுடன் விழா நிறைவுறும். கண்ணகியும் அயலூரிலிருந்து வந்து அநீதிக்குள்ளானவளே; அவள் கதையிலும் நகர் எரிகிறது. ஆயின் ஆண்டுதோறும் அவளது வழக்கு மீண்டும் உரைக்கப்படுகிறது. தெய்வத்தைக் குளிர்விக்க விழைவோர், அரசன் இழைத்த பிழையையும் கேட்டே ஆகவேண்டும். அக்கிரகாரத்தின் வழிபாட்டிலோ வழக்கில்லை. கழுதையைக் கொன்றவர் யார் என்பதை எவரும் உசாவுவதில்லை. உமாவுக்கு நேர்ந்தது யாதென்பதும் பேசப்படுவதில்லை.

படத்தின் வரலாறும் இதனோடு ஒப்புநோக்கற்பாலது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான இந்தியத் தேசிய விருது கிடைத்தும், தமிழ்ப் பத்திரிகைகள் பெரிதும் மௌனம் சாதித்தன. 1989 இல் திட்டமிடப்பட்டிருந்த தொலைக்காட்சி ஒளிபரப்பும் கைவிடப்பட்டது. 1987 இல் ஜோன் மறைந்த பின்னர், அவரும் அவர்தம் படங்களும் திரைப்பட ஆர்வலரிடையே ஏறத்தாழ வழிபாட்டுக்குரிய இடத்தைப் பெற்றனர்.

முற்போக்காளராகிய நாம் மனங்கொள்ள வேண்டியது இதுவே. இப்படத்தை ஒரு சாதியின் மூடத்தனம் பற்றிய எள்ளலாக மட்டும் கண்டு மகிழ்வோமாயின், நாமும் வழக்கை மறந்து கோயில் கட்டியவராவோம். போற்றுதல் எளிது, நம்மிடையே வாய்பேசவியலாதாரின் வழக்கை உரைத்தலே கடன்.