எலவர்த்தி நாயுடம்மா

எலவர்த்தி நாயுடம்மா (செப்டம்பர் 10, 1922 – ஜூன் 23, 1985) இந்தியாவைச் சேர்ந்த வேதித் தொழில்நுட்ப வல்லுநரும் தோல் ஆராய்ச்சி அறிவியலாளரும் ஆவார். உழவர் குடும்பத்தில் பிறந்த இவர், சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றி, தமிழ்நாட்டின் தோல் தொழிலில் பெரும் மாற்றங்களுக்கு வழிவகுத்தவர். பின்னர் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்) தலைமை இயக்குநராகவும், ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பொறுப்பு வகித்தார். 1985 ஆம் ஆண்டு குண்டுவெடிப்பினால் கடலில் வீழ்ந்த ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தில் பயணம் செய்து உயிரிழந்தார்.

பிறப்பும் கல்வியும்

நாயுடம்மா, அப்போதைய சென்னை மாகாணத்தின் குண்டூர் மாவட்டத்தில், தெனாலிக்கு அருகில் உள்ள எலவர்ரு என்னும் சிற்றூரில் பிறந்தார். குண்டூரில் இடைநிலைக் கல்வி பெற்ற பின்னர், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வேதித் தொழில்நுட்பம் பயின்றார். அதன் பின் சென்னையில் இருந்த தோல் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்ற இவர், பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லீஹை பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார்.

இறந்த கால்நடைகளை உரிப்பதும் தோலைப் பதப்படுத்துவதும் சாதியின் பெயரால் சிலர் மீது சுமத்தப்பட்டு, இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. அக்காலத்தில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஒருவர் அத்தொழிலையே தம் ஆய்வுத் துறையாகத் தேர்ந்தெடுத்தது குறிப்பிடத்தக்கது.

தமிழகத் தோல் தொழிலின் பின்னணி

கால்நடையின் பச்சைத் தோல் விரைவில் அழுகும் தன்மையது. உப்பிட்டுக் காத்த தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊற வைத்து மயிரை நீக்கிய பின்னர், டானின் உள்ள பட்டைச் சாற்றிலோ குரோமிய உப்புக் கரைசலிலோ இட்டுப் பதனிடுகின்றனர். இவ்வேதிப் பொருட்கள் தோலில் உள்ள கொலாஜென் என்னும் புரதத்துடன் பிணைவதால் தோல் அழுகாமல் நிலைக்கிறது.

தமிழ்நாட்டில் வழிவழியாகப் பயன்பட்டு வந்தவை ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஆகும். புதுக்கோட்டை போன்ற வறண்ட மாவட்டங்களின் செம்மண் தரிசுகளில் ஆவாரை தானாகவே வளர்கிறது. பட்டை முறையில் பதனிடப்பட்ட தென்னிந்தியத் தோல், 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் இலண்டன் சந்தைக்குச் சென்றது. இத்தோலுக்குப் பிற்காலத்தில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பட்டை முறையில் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமிய முறையிலோ பதனிடும் கட்டம் ஓரிரு நாட்களில் முடிந்துவிடும். சென்னைக்கு அருகில் உள்ள குரோம்பேட்டை, அங்கு இயங்கிய குரோம் தோல் தொழிற்சாலையால் அப்பெயரைப் பெற்றது. எனினும், நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவிலிருந்து பெரும்பாலும் பச்சைத் தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலுமே ஏற்றுமதி செய்யப்பட்டன. அவற்றைக் காலணியாகவும் பையாகவும் ஆக்கி வருவாய் ஈட்டியவை வெளிநாடுகளே.

மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்

மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 ஏப்ரல் 24 இல் தொடங்கப்பட்டது. இதன் முதல் இயக்குநர் பி. எம். தாஸ் ஆவார். நாயுடம்மா 1958 ஆம் ஆண்டு இயக்குநர் பொறுப்பேற்று 1971 வரை பணியாற்றினார்.

ஆய்வகத்தில் கண்டறிந்தவை தொழிற்கூடத்தைச் சென்றடைய வேண்டும் என்பது இவரது கொள்கை. தொழிலதிபர்களையும் தொழிலாளர்களையும் ஆய்வு நிறுவனத்துக்குள் வரவழைத்தார். கிராமத்தில் தோல் உரிப்பவர் கத்தியைத் தவறாக இழுத்தால், பின்னர் எந்த வேதியியலாலும் அத்தோலைச் சீர்செய்ய இயலாது. ஆகவே உரித்தல், உப்பிடல் ஆகியவற்றிலிருந்தே பயிற்சி தேவைப்பட்டது. நிறுவனத்தின் வட்டார மையங்கள் கான்பூர், கொல்கத்தா, ஜலந்தர் முதலிய ஊர்களில் உள்ளன.

இந்நிறுவனம் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியின் அருகில் அமைந்துள்ளது. தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியாகவும், பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தின் வழியாகவும் இந்நிறுவனத்தின் துணையுடன் நடத்தப்பட்டது. பிற்காலத்தில் நிறுவனத்தின் இயக்குநராகவும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் செயலாளராகவும் விளங்கிய தி. இராமசாமி, தோல் தொழில்நுட்பம் பயின்றவரே.

சீதாராமையா குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 1973 இல் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு இந்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் முழுமையாக்கப்பட்ட தோல், காலணி ஆகியவற்றின் ஏற்றுமதி மையங்களாக வளர்ந்தன. இம்மாற்றத்துக்குத் தேவையான தொழில்நுட்பத்தையும் பயிற்சி பெற்ற ஆட்களையும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஏற்கனவே உருவாக்கி வைத்திருந்தது.

பிற பொறுப்புகள்

1971 முதல் 1977 வரை சி.எஸ்.ஐ.ஆர் தலைமை இயக்குநராக இருந்தார். அப்போது, தற்போது தெலங்காணாவில் உள்ள கரீம்நகர் மாவட்டத்தில், பல்வேறு ஆய்வகங்களின் அறிவியலாளர்கள் ஒன்றிணைந்து மாவட்ட வளர்ச்சிக்கு உழைக்கும் திட்டம் ஒன்றை முன்னெடுத்தார். உள்ளூரில் கிடைக்கும் பொருட்களையும் உள்ளூர் மக்களின் திறனையும் கொண்டு வேலைவாய்ப்பு உண்டாக்குவது அதன் நோக்கம். 1981–82 காலப்பகுதியில் புது தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார்.

மறைவு

1985 ஜூன் 23 அன்று, கனடாவின் மொண்ட்ரியால் நகரிலிருந்து இலண்டன் வழியாக இந்தியா நோக்கி வந்த ஏர் இந்தியா 182 ஆம் எண் விமானம், அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் குண்டு வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 329 பேரும் உயிரிழந்தனர். அவர்களுள் நாயுடம்மாவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 62. இறந்தோரின் நினைவாக அயர்லாந்தின் கார்க் கவுண்டியில் உள்ள அகாகிஸ்டா என்னும் இடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டுள்ளது.

தோல் தொழிலும் சூழல் மாசும்

தோல் தொழிலின் வளர்ச்சி வேறொரு விளைவையும் தந்தது. பச்சைத் தோலைக் காக்க இடும் உப்பும், பதனிடுவதில் எஞ்சும் குரோமியமும் கழிவுநீரில் கலந்து, பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரையும் விளைநிலங்களையும் கெடுத்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துவோரே இழப்பீடு வழங்க வேண்டும் என்ற கோட்பாடு அத்தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டது. இதன் பின்னர் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், குரோமியத்தை மீட்டுப் பயன்படுத்துதல், உப்பைக் குறைத்துத் தோலைக் காத்தல் ஆகியவை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முதன்மையான ஆய்வுப் பொருள்களாயின. ஆய்வகம் தொழிற்கூடத்தின் சிக்கலுக்கு விடை தர வேண்டும் என்ற நாயுடம்மாவின் கொள்கை, அத்தொழிலால் உண்டான கேட்டைக் களையும் பணிக்கும் பொருந்துவதாயிற்று.

விருதுகளும் நினைவும்

- பத்மசிறீ விருது (1971)
- இவரது பெயரில் டாக்டர் ஒய். நாயுடம்மா நினைவு விருது, அறிவியல் தொழில்நுட்பத் துறையில் சிறந்து விளங்குவோருக்கு வழங்கப்படுகிறது.