கோலா செபெத்தாங்கில் ஒரு தமிழ்ப் பலகை

பெண்ணெடுத்த ஊர் நமக்கு முதலில் வீடுகளின் பட்டியலாகத்தான் தெரியவரும். இது பெரிய மாமா வீடு, இது சித்தி கடை என்று. அதைத் தாண்டி ஊரைப் பார்க்க, கால்நடையாகத்தான் போகவேண்டும்.

என் மனைவியின் ஊர் பேராக்கில் உள்ள கோலா செபெத்தாங். தைப்பிங்குக்கு மேற்கே, அலையாத்திக் காட்டை ஒட்டிய மீனவ ஊர். தெருவில் ஹொக்கியனும் தியோசூவும்தான் கேட்கும். எனக்கு இரண்டுமே தெரியாது. நடக்கிறவனிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை என்பதால் காலையில் கிளம்பிவிடுவேன். படகுத்துறை, கருவாடு காயும் பலகைகள், பலசரக்குக் கடைகள். அப்படியே கடைத்தெருவுக்குள் வந்தால் தண்டவாளமே இல்லாத இடத்தில் ஒரு ரயில் நிலையப் பெயர்ப்பலகை நிற்கிறது. 'போர்ட் வெல்ட்' என்று ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகளில்.

போர்ட் வெல்ட் இவ்வூரின் பழைய பெயர். 1880 முதல் 1887 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த ஃபிரெடரிக் வெல்டின் பெயரை வைத்தார்கள். மலாயாவின் முதல் ரயில் பாதை இங்கிருந்து தைப்பிங்குக்குப் போனது. சுமார் 13 கிலோமீட்டர். 1885 ஜூன் 1 அன்று திறந்தார்கள். லாருட் சுரங்கங்களின் ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம்.

ஆளுநரின் பெயர் பலகையில் இருக்கிறது. சேற்றில் இறங்கிப் பாதை போட்டவர்கள் யார்? இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட 'பயனியர் கோர்' தொழிலாளர் அணியின் இரண்டு பிரிவுகள். இலங்கையில் சாலை வெட்டிய அந்த அணியில் தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்டவர்கள் மிகுதி. நம் சஞ்சிக்கூலி வரலாறு பெரும்பாலும் ரப்பர் தோட்டத்தில் தொடங்குவதாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். ரப்பர் பெருந்தோட்டங்கள் பரவுவதற்கு முன்பே இந்தப் பாதை ஓடத் தொடங்கிவிட்டது.

பலகையில் தமிழ் இருப்பதை நன்றிக்கடனாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ரயில்வே நிர்வாகம் அவ்வளவு இளகிய மனசுக்காரர்களா என்ன? தண்டவாளத்தில் வேலை செய்தவர்களும் மூன்றாம் வகுப்பில் ஏறி இறங்கியவர்களும் படிக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதுவே பெரிய சான்று. தமிழ் படிப்பவர்கள் இங்கே இருந்தார்கள் என்று நிர்வாகமே எழுதிவைத்திருக்கிறது.

1903இல் சிரம்பானிலிருந்து பிறை வரை ரயில் பாதை இணைந்ததும் ஈயம் பினாங்கு பக்கம் திரும்பிவிட்டது. துறைமுகம் சுருங்கியது. ஊர் பிழைத்தது மீனாலும் கரியாலும். மாத்தாங் அலையாத்திக் காடு 40,000 ஹெக்டேருக்கு மேல். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை என்று முறைவைத்து பாக்காவ் மரங்களை வெட்டி, மறுபடியும் நடுகிறார்கள். கவிழ்த்த சட்டிபோல இருக்கும் செங்கல் சூளைகளில் கட்டைகளை நிறுத்திவைத்து வாரக்கணக்கில் புகைய விடுவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் புகையின் மணத்தை வைத்தே கண்டுபிடிக்கிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஒருநாள் மாமனாரும் என்னோடு நடந்தார். பலகையருகே நின்று தமிழ் வரியைக் காட்டி, "சித்து அபா துலிஸ்?" என்றார். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று. பிறந்ததிலிருந்து பார்க்கிற பலகை. அதே பெயர்தான் என்றேன். "அவ்வளவுதானா?" என்று மலாயில் கேட்டார். கொஞ்சம் ஏமாற்றம். அப்புறம் காப்பிக் கடையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், பாதை போட வந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். அவருடைய தாத்தா சீனாவிலிருந்து படகில் வந்து இறங்கிய கதையை அவர் சொன்னார். திருமணமாகி இரண்டு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

இப்போது என் மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அடுத்த விடுமுறையில் அந்த வரியை அவளே ஆ கோங்குக்குப் படித்துக் காட்டட்டும்.