கதவைச் சாத்திக்கொண்டு தின்ற கீரை

வயல் வரம்பில் பொன்னாங்காணி, வேலியில் முசுட்டையும் குறிஞ்சாவும், ஈரத்தரையில் வல்லாரை. மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நாம் இவற்றைத் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இன்று நம் பிள்ளைகள் "ஆடு தின்னுற இலை" என்று முகம் சுளிக்கிறார்கள்.

இந்த வெட்கம் பழையது. சங்க காலச் சிறுபாணாற்றுப்படையில் பசியில் வாடிய கிணைமகள் ஒருத்தி, குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் அவிக்கிறாள். பிறர் பார்த்துவிடுவார்களே என்று கதவை அடைத்துவிட்டுத்தான் சுற்றத்தோடு உண்கிறாள். வறுமை வெளியே தெரியுமே என்பதே அவள் கூச்சம்.

1942இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அங்கிருந்து இலங்கைக்கு வந்த அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மா வந்தது. கிராமத்து அடுப்புகளுக்கு அது அவ்வளவு பழக்கமில்லாத பொருள். இன்று கோதுமை மா ரொட்டி சுடாத வீடு எது? கப்பலில் வந்த மா நமதாயிற்று. வேலியோர இலை அந்நியமாயிற்று.

நபி (ஸல்) அவர்கள் முன் உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது, தம் ஊரில் பழக்கமில்லாததால் அவர்கள் உண்ணவில்லை, தடுக்கவுமில்லை. காலித் பின் வலீத் (ரழி) அங்கேயே உண்டார்கள். பழக்கமின்மை வேறு, இழிவு வேறு.

எது தின்னலாம், எது ஆகாது என்று பார்த்தவுடன் சொல்லும் மூத்தம்மாமார் குறைந்து வருகிறார்கள். தெரியாத இலையைப் பறிப்பது ஆபத்து. ஆகவே இந்த லீவில் பிள்ளைகளை அவர்களோடு வேலியோரம் அனுப்புவோம். பெயர்களையாவது எழுதி வைப்போம்.