முதல் வருஷத்துப் புலிகள்

மக்களே, கிரிக்கெட்டைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு இன்னைக்கு கூடைப்பந்து. அதுவும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து. நம்ம ஊரில் காலேஜ் மேட்ச்னா மரத்தடியில் நாற்பது பேர் நின்னு விசிலடிப்பதோடு சரி. அங்கே 20,000 பேர் உட்காரும் அரங்கம், டிவியில் நேரடி ஒளிபரப்பு, கோடிகளில் சம்பளம் வாங்கும் கோச். மார்ச் மாசம் 68 அணிகள் மோதும் நாக்-அவுட் போட்டி. ஒரு மேட்ச் தோத்தா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

இதில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கிறுக்கு உண்டு. ஸ்கூல் படிக்கும்போதே பசங்களுக்கு அங்கே ரேங்க் போட்டுடுவாங்க. நாட்டிலேயே நம்பர் 1, நம்பர் 2 என்று. நம்ம அந்தக்கால ஸ்டேட் ஃபர்ஸ்ட் மாதிரி வெச்சுக்கங்களேன். அந்த முத்திரையோடு வரும் பையன் கல்லூரி முதல் வருஷத்தில் (அங்கே 'ஃப்ரெஷ்மேன்' என்பார்கள்) என்ன ஆகிறான்? பழைய கதைகளைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே விடைதான் வருது. பையன் ஜெயிக்கிறான், அவன் டீம் தோக்குது.

ஆரம்பத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1972 வரை, போர்க்காலம் மாதிரி சில விதிவிலக்கு தவிர, பெரிய கல்லூரிகளில் முதல் வருஷப் பசங்க மெயின் டீமில் ஆடக் கூடாது. அவங்களுக்குத் தனி டீம், தனி மேட்ச். இந்த விதி எவ்வளவு அபத்தம்னு ஊருக்கே காட்டிய நாள் 1965 நவம்பர் 27. லாஸ் ஏஞ்சலிஸில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் புது அரங்கம் திறக்கிறது. விழாவுக்காக மெயின் டீமும் முதல் வருஷ டீமும் மோதுகின்றன. மெயின் டீம் சும்மா இல்லை சாமி, 1964, 1965 இரண்டு வருஷமும் தேசிய சாம்பியன். முதல் வருஷ டீமில் நியூயார்க்கில் இருந்து வந்த லூ அல்சிண்டர் என்று ஒரு நெட்டைப் பையன். 31 புள்ளி, 21 ரீபவுண்ட். பொடியன்கள் 75-60 என்று சாம்பியன்களைச் சாத்திட்டாங்க! ஆனா விதி விதிதானே. அந்த சீசனில் மெயின் டீம் தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை, பையன் தனி டீமில் ஆடிக்கொண்டிருந்தான். அடுத்த மூணு வருஷமும் (1967, 68, 69) கோப்பை அவன் கையில். பிற்பாடு கரீம் அப்துல்-ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்டவர் இவர்தான்.

விதி போனபிறகும் முதல் வருஷப் பையன் துணை நடிகன்தான். 1982 இறுதிப் போட்டியில் கடைசி நேரத்தில் வெற்றிக் கூடையைப் போட்டது முதல் வருஷ மைக்கேல் ஜோர்டான், சரி. ஆனால் நார்த் கரோலினாவுக்கு அன்று 28 புள்ளி எடுத்துச் சுமந்தது மூணாம் வருஷ ஜேம்ஸ் வொர்த்தி. அந்த அண்ணனை இப்ப எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

இதையெல்லாம் தலைகீழாக்கப் பார்த்தது மிச்சிகன். 1991ல் கிறிஸ் வெபர், ஜேலன் ரோஸ், ஜுவான் ஹோவர்ட், ஜிம்மி கிங், ரே ஜாக்சன் என்று அஞ்சு பசங்க ஒரே பேட்ச்சில் சேர்ந்தாங்க. 'ஃபேப் ஃபைவ்' என்று பேர். முழங்கால் வரை தொங்கும் டிரவுசர், கறுப்பு சாக்ஸ், வாய் ஓயாத பேச்சு. பெரிசுகளுக்கு வயித்தெரிச்சல், இளசுகளுக்குக் கொண்டாட்டம். அஞ்சு பேரும் ஒண்ணா ஆரம்பத்திலேயே இறங்கிய முதல் மேட்ச்சில் மிச்சிகன் எடுத்த அத்தனை புள்ளியும் அவங்க அஞ்சு பேருடையதுதான். 1992 இறுதிப் போட்டி வரை போயிட்டாங்க. எதிரே டியூக். இடைவேளையில் மிச்சிகன் 31-30 முன்னிலை. அப்புறம் நாலாம் வருஷ லேட்னரும் கூட்டாளிகளும் பிழிஞ்சு எடுத்துட்டாங்க. 71-51. இரண்டாம் பாதியில் பசங்க எடுத்தது வெறும் 20.

அந்தப் பசங்க பேரில் டிக்கெட்டும் டி-ஷர்ட்டும் பறந்தன. விற்ற காசில் அவங்களுக்கு ஒரு பைசா கிடையாது, அதுதான் விதி. பிற்பாடு வெபர் ஒரு பணக்கார ரசிகரிடம் காசு வாங்கியது வெளியே வந்தது. 2002ல் பல்கலைக்கழகமே அந்த வெற்றிகளை ரத்து செய்து கொடிகளை இறக்கியது. காசு வாங்கினது தப்புதான். டி-ஷர்ட் வித்த காசை யாராவது திருப்பிக் கொடுத்தாங்களா என்ன?

கெவின் கார்னெட் (1995), கோபி பிரையன்ட் (1996), லெப்ரான் ஜேம்ஸ் (2003) எல்லாம் காலேஜே வேண்டாம்னு ஸ்கூலில் இருந்து நேரா என்.பி.ஏ. போனாங்க. 2005 ஒப்பந்தத்தில் அதுக்கு வைத்தார்கள் ஆப்பு. டிராஃப்டுக்கு வர 19 வயசு ஆகணும், ஸ்கூல் முடிஞ்சு ஒரு வருஷம் போகணும். அதாவது, சம்பளம் கொடுக்கத் தயாரா இருக்கும் கம்பெனிக்குப் போகாம ஒரு வருஷம் இலவசமா ஆடிக் காட்டணும். நடுவில் அடிபட்டால்? 2013 பிப்ரவரியில் கென்டக்கியின் நெர்லன்ஸ் நோயலுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. முதல் ஆளாகப் போவான் என்று பேசப்பட்ட பையன் ஆறாவதாகப் போனான். அவன் இல்லாத கென்டக்கி, முந்தின வருஷ சாம்பியன், பெரிய போட்டிக்கே தகுதி பெறாம, ராபர்ட் மோரிஸ் என்ற சின்னக் கல்லூரியின் சுமார் 3,000 பேர் கொள்ளும் அரங்கில் போய் 59-57 என்று தோற்றது.

புது விதியின் முதல் சீசன் 2006-07. டெக்சஸில் கெவின் டியூரன்ட் சராசரி 25.8 புள்ளி, நாட்டின் சிறந்த வீரர் விருது வாங்கிய முதல் ஃப்ரெஷ்மேன். டீம் இரண்டாம் சுற்றில் அவுட். ஒஹாயோ ஸ்டேட்டில் கிரெக் ஓடன், வலது மணிக்கட்டில் ஆபரேஷன் ஆனதால் இடது கையால் ஃப்ரீ-த்ரோ போட்டுக்கொண்டிருந்த ராட்சசன். இறுதிப் போட்டியில் 25 புள்ளி, 12 ரீபவுண்ட். ஜெயித்தது ஃப்ளோரிடா, 84-75. 2006ல் கோப்பை வாங்கியும் என்.பி.ஏ.வுக்குப் போகாம இன்னொரு வருஷம் ஆடலாம்னு திரும்பி வந்த அண்ணன்மார் டீம் அது.

"எங்கய்யா, 2003 சிராக்யூஸ், 2012 கென்டக்கி, 2015 டியூக்?" என்று யாராவது சண்டைக்கு வருவீங்க, தெரியும். கார்மெலோ அந்தனி சமாச்சாரம் அப்பட்டமான விதிவிலக்கு, ஒத்துக்கறேன். 2012ல் அந்தனி டேவிஸ் இறுதிப் போட்டியில் போட்ட 10 ஷாட்டில் ஒண்ணுதான் விழுந்தது. தடுத்தும் ரீபவுண்ட் பிடித்தும் சிறந்த வீரர் ஆனார், ஆனா 22 புள்ளி எடுத்தது இரண்டாம் வருஷ டோரன் லேம்ப். 2015 டியூக் மட்டும் நிஜமாவே பசங்க ஜெயிச்சது, 68ல் 60 புள்ளி ஃப்ரெஷ்மேன்கள் எடுத்தது. அதுக்கப்புறம் 2025 வரை கோப்பை வாங்கின எந்த டீமிலும் ஃப்ரெஷ்மேன் முதன்மை நட்சத்திரமா இல்லை. 2017ல் மார்கெல் ஃபுல்ட்ஸ் டிராஃப்டில் நம்பர் 1. அவர் ஆடிய வாஷிங்டன் அந்த சீசனில் 9 வெற்றி, 22 தோல்வி!

ரேங்க் போட்டவன் மேல் எனக்குக் கோபமில்லை, பையனை அவன் சரியாத்தான் கணிச்சான். ஆனா டிஃபென்ஸில் யார் எப்போ எங்கே நகரணும் என்பது ஒரு சீசனில் உடம்பில் ஏறாது. நாலு கோல்ட் மெடலிஸ்ட் ஃப்ரெஷரை ஒரே டீமில் போட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் பண்ணிப் பாருங்க, புரியும் :-)

2021க்குப் பிறகு ஒரு மாற்றம். தன் பேரையும் படத்தையும் வைத்து மாணவர்கள் சம்பாதிக்கலாம், ஒரு வருஷம் சும்மா உட்காராம வேறு கல்லூரிக்கு மாறலாம். கொரோனாவுக்காக ஒரு வருஷம் கூடுதலாவும் கொடுத்தாங்க. விளைவு, எதிரே நிற்கும் அண்ணன்களுக்கு இன்னும் வயசு கூடிப்போச்சு.

2025 அரையிறுதி, டியூக் - ஹூஸ்டன். டியூக்கின் கூப்பர் ஃப்ளாக், 18 வயசு, 27 புள்ளி. டியூக் 67-61 முன்னிலை. கடைசி ஒரு நிமிஷத்துக்குள் ஹூஸ்டன் வரிசையாக 9 புள்ளி எடுத்து 70-67. நடுவில் முன்னிலை தந்த இரண்டு ஃப்ரீ-த்ரோவைப் போட்டவர் ஜே'வான் ராபர்ட்ஸ். உடனே மறுமுனையில் ஃப்ளாக் முன்னால் கையைத் தூக்கி நின்றவரும் அவரே; ஷாட் வளையத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டது. ராபர்ட்ஸ் ஹூஸ்டனில் சேர்ந்தது 2019ல். அப்ப ஃப்ளாக்குக்கு 12 வயசு. ஜூன் மாசம் டிராஃப்டில் ஃப்ளாக் நம்பர் 1. ராபர்ட்ஸ் பெயரை யாரும் கூப்பிடவில்லை.