நாலு நாள் சிங்கப்பூரும் தாத்தாவோட தகரப் பொட்டியும்

சிங்கப்பூர் போறதுன்னு ஒரு வழியா வீட்டுல முடிவாயிடுச்சுங்க. காலாண்டுப் பரிட்சை லீவுல நாலு பேரு, நாலு நாள். விழுப்புரத்துல ஒரு டிராவல்ஸ்ல போய்க் கேட்டேன். பத்தே நிமிஷத்துல வழவழன்னு ஒரு பேப்பரை அச்சடிச்சுக் கொடுத்துட்டாங்க. முதல் நாள் மெர்லயன் சிங்கம், ரெண்டாம் நாள் செந்தோசா, மூணாம் நாள் யுனிவர்சல் ஸ்டூடியோஸ், நாலாம் நாள் முஸ்தபாவுல ஷாப்பிங், ராத்திரி ஃபிளைட். முடிஞ்சுது கதை.

பொண்ணுக்கு ஏக குஷி. தங்கமணி கால்குலேட்டரோட உக்காந்துட்டாங்க. அம்மா மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பேப்பரை மேலேருந்து கீழ வரைக்கும் நிதானமா படிச்சுச்சு. அப்புறம் ஒரே ஒரு கேள்விதான்.

"ஏன்டா, இதுல எங்கப்பா வேலை செஞ்ச ஆர்பர் எங்க இருக்கு?"

எனக்கு பதில் சொல்லத் தெரியலை. இந்தக் கட்டுரையே அந்தக் கேள்வியால வந்ததுதான்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கணும். அம்மாவோட அப்பா 1951ல நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினாரு. அப்போ அம்மாவுக்கு ரெண்டு வயசு. கப்பல் பேரு எஸ்.எஸ்.ரஜூலா. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இந்தப் பேரைச் சொன்னாலே ஒரு பெருமூச்சு வரும். 1926ல கட்டின கப்பல். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இப்போ போர்ட் கிளாங்), சிங்கப்பூர்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நம்ம ஜனத்துக்கெல்லாம் டெக் டிக்கெட்தான். பாயை விரிச்சு, பொட்டியைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு ஏறக்குறைய ஒரு வாரம் கடல்ல. 1970கள்ல ரஜூலா ஓய்வு பெற்று, எம்.வி.சிதம்பரம் அந்த வேலையை எடுத்துக்கிச்சு. 1985 பிப்ரவரியில சிதம்பரம் தீப்பிடிச்சுது. அதோட அந்தப் பாதையில பயணிகள் கப்பலே நின்னு போச்சு. இன்னிக்கு சென்னையில ஏறினாலும் திருச்சியில ஏறினாலும் நாலு மணி நேரம்தான்.

தாத்தா சிங்கப்பூர் ஹார்பர் போர்டுல மூட்டை தூக்கினாரு. 21 வருஷம். நடுவுல ஊருக்கு வந்தது 1955, 1960, 1965னு மூணே தடவை. 1968 வைகாசியில அம்மாவுக்குக் கல்யாணம். பொண்ணைப் பெத்தவரு வரலை. மணியார்டர் வந்துச்சு, யாரோ ஒருத்தர் கையில சங்கிலி வந்துச்சு, அவரு வரலை. 1972 ஏப்ரல்ல மொத்தமா திரும்பி வந்தாரு. இடுப்புல பச்சை பெல்ட்டு, கையில ஒரு தகரப் பொட்டி. அப்புறம் 11 வருஷம் திண்ணையில உக்காந்திருந்தாரு. சிங்கப்பூரைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. ஏன் கல்யாணத்துக்கு வரலைன்னு அம்மாவும் கேட்டதில்லை.

பொட்டி இன்னும் இருக்கு. அதுல ஒரு பாஸ்போர்ட்டு, ஹார்பர் வேலை அட்டை, காலியான கோடாலித் தைலம் பாட்டில். அவ்வளவுதான் 21 வருஷம்.

சரி, மேட்டருக்கு வருவோம். டிராவல்ஸ் பேப்பரை எடுத்து வச்சுக்கிட்டு படிக்க ஆரம்பிச்சேன். முதல் அதிர்ச்சி மெர்லயன். அந்தச் சிங்கத் தலை மீன் சிலையைத் திறந்தது 1972 செப்டம்பர்ல. தாத்தா கிளம்பி வந்ததோ ஏப்ரல்ல. அதாவது சிங்கப்பூருக்கே அடையாளம்னு நாம நினைக்கற சிலையை, அங்க 21 வருஷம் இருந்த மனுஷன் பாத்ததே இல்லை! மத்ததைப் பத்திக் கேக்கவே வேணாம். பெரும்பாலும் அவருக்கு அப்புறம் வந்ததுதான்.

அப்போதான் ஒரு விதி வச்சேன். பொண்ணுக்கு ஒரு நாள் ஒதுக்கிடலாம். மிச்ச மூணு நாளும் தாத்தா கண்ணால பாத்திருக்கக்கூடிய இடங்கள் மட்டும்தான்.

முதல் நாள்: சவுத் பிரிட்ஜ் ரோடு, தெலுக் ஆயர்

சிங்கப்பூர்னாலே நம்மாளுங்க ராஜேந்திர சோழன்லேருந்து ஆரம்பிப்போம். 1025ல படையெடுப்பு நடந்தது உண்மை. தஞ்சைக் கல்வெட்டு ஸ்ரீவிஜயம், கடாரம்னு ஊர் ஊரா பட்டியல் போடுது. ஆனா அதுல சிங்கப்பூர்னு ஒரு பேரு கிடையாது. ராஜா வந்தாரு, ஜெயிச்சாரு, போயிட்டாரு. அங்கேயே தங்கிக் கல்லும் மண்ணும் சுமந்தவங்க வேற ஆளுங்க.

1819ல ராஃபிள்ஸ் ரெண்டாம் தடவை சிங்கப்பூர் வந்தப்போ பினாங்குலேருந்து கூட வந்தவரு நாராயண பிள்ளை. குமாஸ்தா வேலை பாத்தவரு. அங்க வீடு கட்ட செங்கல் இல்லைன்னு பாத்து தஞ்சோங் பகார் பக்கம் சூளை போட்டாரு. 1827ல மரமும் கீத்தும் வச்சு ஒரு மாரியம்மன் கோயில் எழுப்பினாரு. அந்த அம்மனுக்கு 'சின்ன அம்மன்'னு பேரு. 1843ல செங்கல் கட்டடமாச்சு. சிங்கப்பூர்லயே பழைய இந்துக் கோயில் இதுதான். வேலை தேடிக் கப்பல்ல வந்து இறங்கினவங்களுக்கு ஒரு வேலையும் தங்க இடமும் கிடைக்கற வரைக்கும் இந்தக் கோயில்தான் நிழல்.

இனிமேதான் எங்க ஊர்க் கதை. அந்தக் கோயிலோட சுதை வேலையை முதல்ல செஞ்சவங்க நாகப்பட்டினம், கடலூர் பக்கத்துக் கைவினைஞர்கள்னு வரலாறு எழுதறவங்க சொல்றாங்க. கடலூர்ங்க! எங்க கோலியனூர் 1993 வரைக்கும் தென்னாற்காடு மாவட்டம். அதுக்குத் தலைநகரே கடலூர்தான். அங்க உள்ள மாரியம்மனுக்கு அடுத்தபடியா முக்கியமான சன்னிதி யாருக்குன்னு நினைக்கறீங்க? திரௌபதி அம்மனுக்கு. கூடவே அரவானுக்கும் சன்னிதி உண்டு. 1840லேருந்து தீமிதி நடக்குதாம். அதுக்கு முன்னால மாசக்கணக்குல பாரதம்.

படிச்சதும் எனக்கு சிலிர்த்துப் போச்சு. எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊரைத் தேடணும். பாரதம் படிக்கறது, கூத்து, படுகளம், தீமிதின்னு கோடை பூரா அதுதான் வேலை. அரவான்னா கூவாகம். மேலச்சேரி, செஞ்சி எல்லாம் இந்த வழிபாட்டுக்கே தாய்வீடு மாதிரி. ஆல்ஃப் ஹில்டபைட்டல்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் இதுக்காகவே செஞ்சிப் பக்கம் சுத்தி, 1988ல திரௌபதி வழிபாட்டைப் பத்திப் பெரிய புத்தகம் போட்டாரு. அந்த அம்மனையும் மூட்டையில கட்டிக்கிட்டுத்தான் நம்ம ஜனம் கப்பல் ஏறியிருக்கு.

இன்னொரு வேடிக்கை. கோயில் இருக்கற இடம் இப்போ சைனா டவுன். ஆனா பக்கத்துத் தெருவுங்க பேரு பகோடா தெரு, டெம்பிள் தெரு, மாஸ்க் தெரு. பகோடான்னா எண்ணெய்ல பொரிக்கற பகோடா இல்லை, நம்ம மாரியம்மன் கோபுரம் :-) மாஸ்க்னா 1826ல தமிழ் முஸ்லிம்கள் தொடங்கின ஜாமியா சூலியா பள்ளிவாசல்.

அங்கேருந்து நடக்கற தூரத்துல தெலுக் ஆயர் தெரு. ஒரு காலத்துல இதுதான் கடற்கரை. 19ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியில கடலைத் தூர்த்துட்டாங்க. கரை இறங்கினதும் உசுரோட வந்து சேந்ததுக்கு நன்றி சொல்லக் கட்டின இடங்கள் இன்னும் வரிசையா நிக்குது. நாகூர் தர்கா (1828-30). அல் அப்ரார் பள்ளிவாசல் (1827). இதுக்கு 'குச்சுப் பள்ளி'ன்னும் ஒரு பேரு. குச்சுன்னா குடிசை, சுத்தமான தமிழ். அதே தெருவுல சீனர்களோட தியான் ஹாக் கெங் கோயிலும் இருக்கு.

ரெண்டாம் நாள்: மாதாகோயிலும் மைதானமும்

செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல். வெள்ளை வெளேர்னு இருக்கும். 1856லேருந்து 1861 வரைக்கும் கட்டினாங்க. யாரு? இந்தியாவுலேருந்து நாடு கடத்தப்பட்ட கைதிங்க. 1825 ஏப்ரல்ல பென்கூலன் வழியா வந்து இறங்கின முதல் தொகுதியில 80 பேர், மெட்ராஸ் மாகாணத்துலேருந்து தண்டனை பெற்றவங்க. அடுத்து வங்காளத்துக் கைதிங்க. 1873 வரைக்கும் ரோடு, வாய்க்கா, கட்டடம்னு அந்த ஊரையே உருவாக்கினதுல இவங்க கை இருக்கு. இன்னிக்கு அதிபர் மாளிகையா இருக்கற இஸ்தானாவும் (1869) இவங்க வேலைதான்.

கதீட்ரல் சுவருக்குப் பூசினது 'மெட்ராஸ் சுண்ணம்'. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக் கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறின தண்ணி எல்லாம் சேத்து அரைச்ச பூச்சு. காஞ்சதும் கல்லால தேய்ச்சா பளபளன்னு ஆயிடும். எங்க ஊர்ப் பழைய வீட்டுச் சுவத்துல சாஞ்சா முதுகு ஜில்லுனு இருக்குமே, அதோட பங்காளிதான் இது. அம்மாவை அந்தச் சுவத்தைத் தொட்டுப் பாக்கச் சொல்லணும்.

எதிர்ல பாடாங் மைதானம். 1943 ஜூலையில நேதாஜி ஐ.என்.ஏ. படையைப் பார்வையிட்ட இடம். பக்கத்துல எஸ்பிளனேட் பூங்காவுல ஐ.என்.ஏ. நினைவிடம் இருந்த இடத்துக்கு 1995ல அடையாளம் வச்சிருக்காங்க. சாயங்காலம் அப்படியே நடந்தா மெர்லயன். போட்டோ எடுக்கலைன்னா பொண்ணு விடாதே!

மூணாம் நாள்: ஹார்பர்

இதுதான் சிக்கல். துறைமுகம் வேலி போட்ட இடம், சுத்திப் பாக்க வர்றவங்களை உள்ள விட மாட்டாங்க. ஹார்பர் போர்டும் இப்போ இல்லை, 1964ல பி.எஸ்.ஏ.ன்னு ஆயிடுச்சு. தஞ்சோங் பகார்ல முதல் கண்டெய்னர் கப்பல் வந்து நின்னது 1972 ஜூன்ல. தாத்தா ஊருக்கு வந்து ரெண்டு மாசம்கூட ஆகியிருக்குமோ என்னவோ. முதுகுல மூட்டை தூக்கின காலம் அதோட போச்சு.

அடுத்து ஒண்ணு படிச்சேன். தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்களை 2027 வாக்குல மேற்கே துவாஸுக்கு மாத்தறது திட்டம். 2022 செப்டம்பர்லயே துவாஸ் துறைமுகத்தை முறைப்படி திறந்துட்டாங்க. அம்மாவுக்கு இப்போ 76 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம். தள்ளிப் போட்டா அம்மாவால நடக்க முடியாது, நடந்தாலும் அங்க ஹார்பர் இருக்காது.

வழி எப்படிக் கிடைச்சுது தெரியுமா? பொண்ணுதான் சொன்னா. "செந்தோசாவுக்கு கேபிள் கார்ல போலாம்பா, கடலுக்கு மேலயே போகுது." 1974ல ஆரம்பிச்ச கேபிள் கார். ஃபேபர் குன்றுலேருந்து கெப்பல் துறைமுகத்துக்கு மேல தொங்கிக்கிட்டே போகுது. தாத்தா இதைப் பாத்திருக்க மாட்டாரு. ஆனா கீழ தெரியற தண்ணி அவரு பாத்தது. ஆக, பேத்திக்கு யுனிவர்சல், ஆயாவுக்கு ஹார்பர், ரெண்டும் ஒரே வழியில!

நாலாம் நாள்: சிராங்கூன் ரோடு

சீனிவாசப் பெருமாள் கோயில் (1855). அதோட கோபுரம் 1966ல பி.கோவிந்தசாமி பிள்ளை கொடுத்தது. தாத்தா அண்ணாந்து பாத்திருப்பாரு. வீரமாகாளியம்மன் கோயில். 2015ல திறந்த இந்திய மரபுடைமை நிலையம். அப்புறம் தேக்கா மார்க்கெட்ல சாப்பாடு. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா பயம் வேணாம். தமிழ் அங்க நாலு ஆட்சி மொழிகள்ல ஒண்ணு. ரூபா நோட்டுலயே 'சிங்கப்பூர்'னு தமிழ்ல இருக்கு.

இவ்வளவும் படிச்சுக்கிட்டு இருந்தப்போதான் அந்தக் கல்யாண வருஷம் கண்ணுல பட்டுச்சு. 1965 ஆகஸ்ட் 9ல சிங்கப்பூர் தனி நாடாச்சு. அதுக்கப்புறம் குடியுரிமை இல்லாதவங்க வேலை பாக்க பர்மிட் வாங்கணும்னு சட்டம் வந்துச்சு. 1968 ஜனவரியில பிரிட்டன், 1971 முடியறதுக்குள்ள படைத்தளங்களைக் காலி பண்றோம்னு அறிவிச்சுது. ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலை போகப் போற நேரம். உள்ளூர் ஆளுக்கே வேலை இல்லாதப்போ வெளியூர்க் கூலி ஒருத்தர் லீவு போட்டு ஊருக்குப் போனா திரும்ப உள்ள விடுவாங்களா? தாத்தா பாஸ்போர்ட்டை எடுத்துப் பாத்தேன். இந்திய பாஸ்போர்ட். 1965க்கு அப்புறம் 1972 வரைக்கும் ஒரு முத்திரையும் இல்லை.

இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அவரு வாயால சொல்லலையே. ஆனா அம்மாகிட்ட பாஸ்போர்ட்டைக் காட்டி, வருஷத்தை ஒண்ணொண்ணா சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் எதுவும் பேசலை. அப்புறம், "வந்திருந்தா அப்பவே வேலை போயிருக்கும்ன்றியா? சங்கிலி போட்டு அனுப்பினாரே... அதுக்கப்புறம் என் தம்பிங்களைப் படிக்க வச்சதும் அந்தக் காசுதான்டா"ன்னுச்சு. 57 வருஷமா வச்சிருந்த கேள்வி. பதில் கிடைச்சுதான்னு நான் கேக்கலை.

டிராவல்ஸ் பேப்பரைத் திருப்பி, பின்பக்கம் புதுசா ரூட்டு எழுதியாச்சு. விசாவை ஏஜென்ட் வழியா போடக் கொடுத்தாச்சு. அரைவல் கார்டு போய் இறங்கறதுக்கு முன்னால மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல போடணும். காசு கிடையாது, யாராவது கேட்டா ஏமாறாதீங்க. தீமிதி தீபாவளியை ஒட்டித்தான் வரும், எங்களுக்குக் கிடைக்காது. "அதான் நம்ம ஊர்ல வருஷா வருஷம் பாக்கறமே"ன்னுட்டாங்க தங்கமணி.

நேத்து ராத்திரி அம்மா தகரப் பொட்டியைத் திறந்து அந்த வேலை அட்டையை எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு என்கிட்ட கொடுத்துச்சு. "எதுக்கும்மா?"

"கேபிள் கார்ல வச்சுக்கலாம். அவரும் ஒரு தடவை மேலேருந்து பாக்கட்டும்."

போய்ட்டு வந்து மிச்சத்தைச் சொல்றேன்.