ஐஸ் ஹவுஸின் சுவர்கள்

'அமைப்பு' என்னும் ஒரே சொல்லைப் பொறியாளர், மொழியியலார், சமூகவியலார் ஆகிய மூவரும் ஆள்கின்றனர். மூவரும் கருதுவது ஒன்றுதானா என்று ஐயுறுவோர், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸின் வரலாற்றைப் பார்க்கலாம்.

பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் எழுப்பிய கட்டடம் அது. வெளி வெப்பம் உள்ளே புகாதிருப்பதே அதன் அமைப்பின் நோக்கம். சென்னையிலேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் வணிகம் மடிந்தது. பின்னர் அதை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், தாழ்வாரங்களும் சாளரங்களும் அமைத்து வீடாக்கினார். இவ்வாறு சுவரைத் திறப்பவர் எந்தச் சுவர் கூரையின் பாரத்தைச் சுமக்கிறது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். 1897-இல் விவேகானந்தர் தங்கிய அவ்வீடு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

இடையில் அங்கே இளம் கைம்பெண்களுக்கான விடுதியை நடத்தியவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886-இல் பிறந்து, சிறுமியாகவே கணவரை இழந்து, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்றவர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

அவ்வாண்டுகளில்தான், 1907 முதல் 1911 வரை, ஜெனீவாவில் சசூர் மொழி பற்றி விரிவுரையாற்றினார். எச்சொல்லும் தனித்துப் பொருள் தருவதில்லை. பிற சொற்களினின்று வேறுபடுவதாலேயே தருகிறது என்பது அவர் கருத்து. நம் 'சுமங்கலி'யை எடுத்துக்கொள்வோம். 'அமங்கலி' என்று ஒருத்தி ஒதுக்கப்படாவிடில் அச்சொல்லுக்கு ஏது பெருமை?

சுப்புலட்சுமி திறந்த சாளரத்தின் வழியே குழந்தை விதவைகள் கல்வி பெற்று ஆசிரியைகளாயினர். ஆனால் விடுதி பிராமணப் பெண்களுக்கே உரியதாயிருந்தது. சாதிச் சுவரை அவர் தொட்டிருந்தால் பெற்றோர் பெண்களை அனுப்பியிருப்பரோ? பாரம் சுமந்த சுவர் எது என அவர் அறிந்திருந்தார் என்றே கொள்கிறோம். அவரைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. அச்சுவருக்கு வெளியே நின்ற கைம்பெண்களை மறக்கவும் இயலவில்லை.

திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1987-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் 'பாவ அமைப்புகள்' பற்றி எழுதினார். அவை தனிமனிதரின் பாவத்தில் வேரூன்றியவை என்றும் சேர்த்தே சொன்னார். மறையுரைகளில் நாம் முன்பாதியையே விரும்பிச் சொல்கிறோம். நம் ஆலயத் திருமணங்களில் பெரியோர் தொட்டு ஆசி வழங்கத் தாலித் தட்டு சுற்றிவருவதுண்டு. கைம்பெண்ணான மணமகளின் தாயிடம் ஒருமுறை அதை நாமே நீட்டினோம். "வேண்டாம் சாமி, பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்று கையை இழுத்துக்கொண்டார்.