முட்டையின் எந்த முனையை முதலில் உடைப்பது?



ஒரு கடிதத்தின் தலைப்பில் 4-7 என்று தேதி போட்டிருக்கிறது. நம் நாட்டில் அது ஜூலை 4. அமெரிக்கர் ஒருவருக்கு அது ஏப்ரல் 7. எழுதியவர் மேலும் குற்றமில்லை. படித்தவர் மேலும் குற்றமில்லை. நாள் முந்தியா, மாதம் முந்தியா என்று குறித்து வைக்காததுதான் குற்றம். கணிப்பொறியின் வரலாற்றிலும் இதே வழக்கு நெடுநாள் நடந்தது.

கணிப்பொறி பெரிய எண்ணைத் துண்டுகளாகப் பிரித்து, அடுத்தடுத்த அறைகளில் வைக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் பைட் என்று பெயர். முதல் அறையில் வைக்க வேண்டியது பெரிய மதிப்புள்ள துண்டையா, சிறிய மதிப்புள்ள துண்டையா? 1964-இல் ஐ.பி.எம். வெளியிட்ட சிஸ்டம் 360 பெரியதை முன்னே வைத்தது. 1970-இல் வந்த பி.டி.பி. 11 சிறியதை முன்னே வைத்தது. 1978-இல் இன்டெல் 8086 சிறியதையும், 1979-இல் மோட்டோரோலா 68000 பெரியதையும் முன்னே வைத்தன.

தனித்தனியே வேலை செய்தவரை தொல்லை இல்லை. ஒன்று எழுதியதை மற்றொன்று படிக்க நேர்ந்தபோதுதான் தொல்லை தொடங்கியது. யூ, என், ஐ, எக்ஸ் என்ற நான்கு எழுத்துகள் இடம் மாறி என், யூ, எக்ஸ், ஐ என்று வந்து நிற்கும். அதனால் இந்தச் சிக்கலுக்கே நக்ஸி என்று பெயர் வந்துவிட்டது.

1980 ஏப்ரல் 1-ஆம் நாள், டேனி கோகன் என்ற அறிஞர் இது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஜோனத்தன் ஸ்விப்ட் 1726-இல் வெளியிட்ட கல்லிவர் கதையில், முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று குள்ளர்கள் சண்டையிடுவார்கள் அல்லவா? அந்தக் கட்சிகளின் பெயரையே கோகன் இரு முறைகளுக்கும் சூட்டினார். எது சிறந்தது என்பதைவிட, எல்லாரும் ஒன்றை ஒப்புக்கொள்வதே முக்கியம் என்பது அவர் வாதம். 1981-இல் வெளிவந்த இணைய நெறிமுறை, பெரியதே முந்தி என்று எழுத்தில் விதித்தது.

ஆனால் கணிப்பொறியோடு இணைக்கும் கருவிகளில் வழக்கு ஓயவில்லை. ஸ்கஸி வகை வட்டு பெரியதை முன்னே கேட்கும், யு.எஸ்.பி. கருவி சிறியதை முன்னே கேட்கும். இடையில் நிற்கும் இயக்க முறைமை ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி திருப்பிக் கொடுக்க வேண்டும். மறந்தால் என்ன ஆகும்? நான்கு பைட்டில் எழுதிய 1 என்ற எண், தலைகீழாகப் படித்தால் 1 கோடியே 67 இலட்சத்து 77 ஆயிரத்து 216 ஆகிவிடும்! வட்டின் முதலாம் கட்டத்தில் எழுத வேண்டிய சம்பளக் கணக்கோ, நோயாளியின் மருந்துக் குறிப்போ வேறெங்கோ போய் விழும், அங்கிருந்ததும் அழியும்.

ஆகவே, கருவிக்கான விளக்கக் குறிப்பில் ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அதன் வரிசையை எழுதுவது கடமையாயிற்று. 1991-இல் பிறந்த லினக்ஸ் முறைமை இன்னும் ஒரு படி மேலே சென்றது. எண்ணின் வகைப் பெயரிலேயே வரிசையைக் குறித்து, இரண்டும் கலந்தால் எச்சரிக்க ஸ்பார்ஸ் என்னும் சோதனை நிரலையும் வைத்துக்கொண்டது.

நேயர்களே! உங்கள் பிள்ளைகள் நாளை இத்துறைக்குப் போகலாம். “இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே” என்று ஒருவர் எழுதாமல் விட்டதுதான் அடுத்தவரைக் குழியில் தள்ளியது. அதை இன்றைக்கே அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.